ஒரு முழம் தள்ளி

பெரிய புயல் வேட்டங்குப்பத்தைக் கடந்துபோன மறுநாள் காலையில், ஊரிலிருந்த கரண்டுக் கம்பங்கள் எல்லாம் யாரோ சொல்லிவைத்தது மாதிரி மேற்கே தலைவைத்துப் படுத்துக் கிடந்தன. உப்பனாற்றுப் பாலம் நடுவில் உடைந்து தொங்கியது. படகுகள் தென்னந்தோப்புக்குள்ளும் தென்னைமரங்கள் கடலுக்குள்ளுமாக இடம் மாறியிருந்தன. ஆனாலும் உயிர்ச்சேதம் ஒன்றும் இல்லை என்பதால், ஊர்க்காரர்கள் அம்மனுக்கு ஒரு கட்டி சூடம் கொளுத்திவிட்டு, பறந்துபோன ஓடுகளையும் தகரங்களையும் பொறுக்க ஆரம்பித்தார்கள். உண்மையான துக்கம் அவர்களுக்கு அதற்கப்புறம்தான் வந்தது, போன்கள் ஒவ்வொன்றாகச் சாக ஆரம்பித்தபோது.

முதலில் பஞ்சாயத்துத் தலைவர் கலியபெருமாளின் போன் செத்தது, ஏனென்றால் அவர்தான் எல்லா அதிகாரிகளையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பிறகு, அவர் கூப்பிட்டு எடுக்காத அதிகாரிகளைத் தங்கள் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தவர்களின் போன்கள் செத்தன. டார்ச் அடித்துக் கோழி தேடியவர்களுடையது, பயத்துக்குப் பாட்டு வைத்துக் கேட்டவர்களுடையது, சார்ஜ் தீர்ந்துவிடப் போகிறதே என்று எடுத்து எடுத்துப் பார்த்தவர்களுடையது என்று வரிசையாகப் போய், கடைசியில் ஊரிலேயே கெட்டியான ஆள் என்று பேரெடுத்த ஐஸ்கட்டி மாரியப்பனின் போனும், ஒருத்தரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் சேமித்துவைத்த நிலையிலேயே, ஒரு மத்தியானம் கண்ணை மூடியது.

வேட்டங்குப்பத்து ஆம்பிளைகளில் பாதிப்பேர் பஹ்ரைனிலும் ஈரானிலும் யாரோ ஒரு முதலாளியின் படகில் ஏறி யாருடைய கடலிலோ மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். புருஷன் என்றால் போனுக்குள் இருப்பவன், அப்பா என்றால் வெள்ளிக்கிழமை கூப்பிடுகிறவர் என்றுதான் அந்த ஊர் பழகியிருந்தது. கல்யாண மண்டபத்து ஜெனரேட்டருக்குள் கடல் புகுந்து நண்டு குடியேறிவிட்டது. மோட்டார் சைக்கிள் பேட்டரிகளை உப்பு தின்றுவிட்டது. அக்கரையிலும் வெகுதூரத்துக்கு இருட்டுதான். நிவாரண லாஞ்சில் அரிசி வந்தது, பருப்பு வந்தது, யாருக்கும் அளவு சேராத சட்டைகள் வந்தன. ஆற்றுக்கு அந்தாண்டை நின்ற டவர் மட்டும், எப்படியோ தனக்கென்று டீசல் வைத்துக்கொண்டு, ஆளில்லாத வீட்டில் ஓடுகிற ரேடியோ மாதிரி, சிக்னலை வீசிக்கொண்டே இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் பவளக்கொடிக்கும் சிங்காரவேலுக்கும் நடுவில் ஒரு போன் உயிர்பெற்றது.

பவளக்கொடி கருவாடு விற்கிறவள். அவள் புருஷன் சிங்காரவேல் ஒருகாலத்தில் கடலுக்குப் போனவர், இப்போது படகு எஞ்சின் ரிப்பேர் பார்க்கிறவர். அவள் காலனியில் கடைசி வீட்டில் இருந்தாள். அவர் மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னால் இருந்த எஞ்சின் கொட்டகையில் இருந்தார். இரண்டுக்கும் நடுவில் ஒரு தெருதான். ஆனால் பத்துப் பன்னிரண்டு வருஷமாக இருவருக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. தெருவில் எதிர்ப்பட்டால் அவர் கரண்டுக் கம்பத்தைப் பார்த்து ஏதாவது சொல்வார், அவள் காக்காயைப் பார்த்துப் பதில் சொல்வாள். இவர்களைச் சேர்த்துவைக்க ஊர் எடுத்த முயற்சிகள் கொஞ்சமல்ல. திருவிழாவுக்குத் திருவிழா யாராவது ஒருத்தர் சமாதானம் பேசப் போய், இரண்டு பக்கமும் டீ குடித்துவிட்டு, "கல்லு கூடக் கரையும், இதுங்க கரையாது" என்று சொல்லிக்கொண்டே திரும்புவது வழக்கம்.

அன்றைக்கு ஏலக்கூடத்தில் பொதுச் சமையல். கூட்டம் நெருக்கியதில், பரிமாறிக்கொண்டிருந்த தனபாக்கியம் (பவளக்கொடிக்குப் பக்கத்து வீட்டுக்காரி, ஊரில் நடந்த எல்லாச் சண்டையையும் வருஷம் தேதியோடு சொல்லக்கூடியவள்) யாரை எங்கே உட்காரவைக்கிறோம் என்று பார்க்காமல் இந்த இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்காரவைத்துவிட்டாள். கையில் இருந்த தன்னுடைய செத்த போனை இரண்டு இலைக்கும் நடுவில் தரையில் வைத்துவிட்டு ரசவாளியைத் தூக்கினாள். பவளக்கொடி இலையில் ஊற்றிய ரசம் ஓடி அவர் இலைக்குள் நுழைந்தது.

சிங்காரவேல் எதிரிலிருந்த தூணைப் பார்த்து, "சில பேரு இலை போட்டாலும் கோணலாத்தான் போடுவாங்க" என்றார்.

பவளக்கொடி தண்ணீர் டம்ளரைப் பார்த்து, "கோணலப் பத்தி ஆரு பேசறது? ஒரு ஜன்னல் வைக்கத் தெரியாம வீடு கட்டின மகராசனா?" என்று கேட்டாள்.

"ஜன்னல் வைக்கலன்னா வீட்டுல காத்து இல்லியா? உள்ளார இருக்கறவங்க வாய்லேருந்துதான் புயலே வருதே."

"புயலு வந்தப்பவும் ஓடி ஒளிஞ்சது ஆருன்னு ஊரு பாத்துச்சு."

அப்போது தரையிலிருந்த போன் ஒரு தரம் நடுங்கி, வெளிச்சம் வந்து, கம்பெனிக்காரன் வைத்த பாட்டைப் பாடியது. பந்தியே திரும்பிப் பார்த்தது. தனபாக்கியம் குனிந்து பார்த்தாள். "அட, ஏறுது" என்றாள். பிறகு அப்பளத் தட்டை எடுத்துக்கொண்டே, "நிறுத்திடாதீங்க அண்ணே, ஒரு கோடுதான் ஏறியிருக்கு. அக்கா, நீங்க அந்தப் புயல் விஷயத்தச் சொல்லுங்க" என்றாள்.

வயர் இல்லாமல், சுவர் இல்லாமல், பேசாத புருஷன் பொண்டாட்டிக்கு நடுவிலிருந்து கரண்டு வருவது எப்படி என்று அந்தப் பந்தியில் யாரும் கேட்கவில்லை. பசித்தவன் சோறு எந்த வயலில் விளைந்தது என்று கேட்பதில்லை; அது மாதிரிதான். அவர்கள் கேட்டதெல்லாம், எத்தனை போன் வைக்கலாம், எவ்வளவு நேரம் ஆகும், மெலிசான அந்தச் சின்னப் பின்னுக்கு ஆகுமா, பெரிய பின்னுக்கும் ஆகுமா என்பதுதான். எந்தப் பின்னும் வேண்டாம், சும்மா வைத்தால் போதும் என்று தெரிந்ததும், எத்தனையோ வருஷமாகச் சார்ஜர் வயரைத் தேடித் தேடி அலுத்திருந்த பெண்கள், இதுவே முன்னாடி தெரிந்திருந்தால் எவ்வளவு வசதி என்று அங்கலாய்த்தார்கள்.

சாயங்காலத்துக்குள் அளவெல்லாம் பிடிபட்டுவிட்டது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழம் இருக்க வேண்டும். நாலு விரல் கூடினால் ஏறாது. முழங்கை உரசினால் நின்றுவிடும். போன் சரியாக நடுவில் இருக்க வேண்டும். ஒரு பக்கமாக ஒதுங்கினால் சும்மா சூடாகும். பள்ளிக்கூடத்து இருதயராஜ் சார் வந்து பார்த்துவிட்டு, இதில் அதிசயம் ஒன்றுமில்லை, பட்டணத்தில் இப்போது மேஜை மேல் வைத்தாலே ஏறுகிற போன் வந்துவிட்டது என்று விளக்கினார். "ரெண்டு கம்பிச் சுருள் இருக்கும். ஒண்ணையொண்ணு தொடவே வேணாம். ஒண்ணுல கரண்டு அப்பிடியும் இப்பிடியுமா மாறிக்கிட்டே இருந்தா, பக்கத்துச் சுருள்ல தானா கரண்டு வரும். ஆனா மாறிக்கிட்டே இருக்கணும். ஒரே சீரா இருந்தா ஒண்ணும் வராது."

"அப்ப சண்டை போட்டுக்கிட்டே இருக்கணும்ங்கறீங்க" என்றார் தலைவர்.

சார் யோசித்துப் பார்த்து, பாடத்தில் அப்படி இல்லை, ஆனாலும் தப்பு என்று சொல்ல முடியாது என்றார்.

இப்படியாக ஏலக்கூடத்து நடுவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் போடப்பட்டன. நகராமல் இருக்கக் காலைச் சுற்றிச் சுண்ணாம்பில் கோடு இழுத்தார்கள். நடுவில் ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் போன்களை அடுக்கினார்கள். வெளிநாட்டில் ஆள் இருக்கிறவர்களின் போன் முதலில், உள்ளூர்ப் போன் அப்புறம், விளையாட்டுக்கு வைத்திருக்கும் போன் கிடையவே கிடையாது என்று பஞ்சாயத்தில் முடிவானது. இரண்டு பேருக்கும் நல்ல சாப்பாடு, வெயிலுக்கு விசிறி, குடிக்க இளநீர், அதுவும் எதிர் எதிர்ப்பக்கம் பார்த்து வெட்டியது.

இதற்கெல்லாம் பவளக்கொடி ஏன் சம்மதித்தாள் என்று கேட்டால், அவள் சம்மதிக்கவே இல்லை என்பதுதான் பதில். அவர் எழுந்து போகட்டும், அப்புறம் நான் எழுந்திருக்கிறேன் என்று முதல் நாள் உட்கார்ந்தாள். அவரும் அதையே நினைத்து உட்கார்ந்திருந்தார். முதலில் எழுந்தவர் தோற்றவர் என்று இரண்டு பேரும் தனித்தனியாக முடிவு செய்துவிட்டதால், ஊருக்கு வேறு ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஆனால் இரண்டொரு நாளில் அவளுக்கு வேறொன்றும் பிடித்துப்போனது. பெட்டியிலிருந்து நிறைந்த போனை வாரிக்கொண்டு பெண்கள் கடற்கரைக்கு ஓடுவார்கள். கொஞ்ச நேரத்தில் அங்கேயிருந்து, "நல்லாருக்கோம், எல்லாரும் நல்லாருக்கோம், ஓடுதான் போச்சு" என்று அழுகையும் சிரிப்புமாகச் சத்தம் வரும். கருவாடு விற்று இப்படி ஒரு சத்தத்தை அவள் கேட்டதில்லை.

சண்டைக்குச் சரக்கு கொடுக்கும் பொறுப்பைத் தனபாக்கியம் ஏற்றுக்கொண்டாள். காலையில் வந்து இரண்டு நாற்காலிக்கும் முன்னால் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பழைய கணக்கிலிருந்து ஒன்றை எடுத்துவிடுவாள்.

"ஏன் அக்கா, உங்க நாத்தனார் கல்யாணத்துல ஒங்களுக்குப் பந்தியில எடம் இல்லன்னு சொன்னாங்களே, அது நெசமா?"

"எடமா? எச்சி இலை எடுக்கற பக்கமா நிக்கச் சொன்னாங்க!"

"நின்னது இவங்களா தேடிப் போயி நின்னாங்கன்னு அந்தக் கடலுக்குத் தெரியும்" என்பார் சிங்காரவேல், கடலைப் பார்த்து.

பெட்டிமேல் நாலைந்து போன்கள் ஒன்றாகக் கண்திறக்கும். நாத்தனார் விஷயத்துக்கு நாலு போன் ஏறும்; மாமியார் பற்றி என்றால் ஏழெட்டு; சிங்காரவேல் குறட்டை பற்றிய பேச்சுக்குப் பழைய பட்டன் போன் ஒன்றே ஒன்றுதான் ஏறும். எதற்கு எவ்வளவு என்பது ஊருக்கே மனப்பாடம். அவசரக்காரர்கள் தனபாக்கியத்தின் காதில், "மாமியார எடுத்துவிடு, சீக்கிரம் போவணும்" என்று கிசுகிசுப்பார்கள்.

ஒருநாள் தனபாக்கியத்திடம் சரக்கு தீரும் நிலைக்கு வந்தது. அவள் பெருமூச்சு விட்டு, எப்போதும் கடைசிக்கென்று வைத்திருந்ததை எடுத்தாள். "அந்த அடுப்படி ஜன்னலு என்னா ஆச்சுன்னு ஒருத்தரும் வெவரமா சொல்லலியே."

பவளக்கொடி மீன்பெட்டியைப் பார்த்துச் சொன்னாள்: "கெழக்கப் பாத்து ஒரு ஜன்னல் வைக்கச் சொல்லி மூணு தடவ கேட்டேன். மூணு தடவயும் தலையாட்டிட்டு, கடைசில சுவத்த எழுப்பி மூடியாச்சு. பன்னெண்டு வருசமா சுவத்தப் பாத்துச் சோறு ஆக்கறேன். அதுக்கப்புறம் அந்த மனுசன்கிட்ட எனக்கு என்னா பேச்சு?"

பெட்டியிலிருந்த போன்கள் எல்லாம் விர்ரென்று நடுங்கின. ஊர் திருப்தியோடு தலையாட்டியது.

"கெழக்க என்னா இருக்குன்னு கேளு" என்றார் சிங்காரவேல் தூணிடம்.

"கடலு இருக்குது."

"அந்தக் கடலுக்குள்ள ஆரு இருக்கான்னு கேளு."

அந்தக் கடலுக்குள் இருந்தவன் அஞ்சப்பன், அவளுடைய ஒரே தம்பி. வீடு கட்டுவதற்கு முந்தின வருஷம் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. படகு மட்டும் கவிழ்ந்தபடி கோடிக்கரைப் பக்கம் ஒதுங்கியது.

சிங்காரவேல் தூணை விட்டுவிட்டு, அத்தனை வருஷத்தில் முதல்தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். "தெனமும் ஒலைய வச்சிட்டு நீ அதயே பாத்துக்கிட்டு நிப்ப. அது வேணாம்னுதான் மூடினேன்."

"பாக்கணும்னுதானே கேட்டேன்" என்றாள் பவளக்கொடி. அவளும் நேராகத்தான் சொன்னாள். "அவன் இருக்கற எடத்த ஒரு கண்ணு பாத்துக்கிட்டே வேலை செய்யலாம்னுதானே."

"எனக்கு அது தோணலயே."

"நீங்க நெனச்சதும் எனக்குத் தெரியலயே."

பெட்டிமேல் இருந்த போன்கள் ஒவ்வொன்றாக ஏறுவதை நிறுத்தின. பஹ்ரைனிலிருந்து வந்த ஒரு அழைப்பு பாதியில் அறுந்தது. பின்னாலிருந்து ஒருத்தர், "அட, சமாதானம் ஆயிட்டாங்கப்பா!" என்று, வீடு தீப்பிடித்தவர் மாதிரிக் கத்தினார்.

மறுநாள் பவளக்கொடி எஞ்சின் கொட்டகைக்கு ஒரு தூக்குவாளியில் மீன்குழம்பு கொண்டுபோனாள். அதற்கு மறுநாள் அவர் அவள் வீட்டுக் கூரைக்குத் தகரம் அடித்துக்கொடுத்தார். ஏலக்கூடத்துக்கும் இருவரும் ஒழுங்காக வந்து நாற்காலியில் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தார்கள். கடலைப் பார்த்தார்கள். மத்தி மீன் இந்த வருஷம் எப்போது வரும் என்று பேசிக்கொண்டார்கள். மத்திப் பேச்சுக்கு ஒரு போனும் ஏறவில்லை.

ஊர் கொதித்தது. பஞ்சாயத்து கூடியது. தலைவர் கலியபெருமாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, பக்குவமாகத்தான் ஆரம்பித்தார். "சிங்காரவேலு, ஒங்க ரெண்டு பேரையும் சேத்துவைக்க நானே எத்தனை தடவ நடந்திருக்கேன். நீங்க சேந்ததுல எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனா எதுக்கும் ஒரு நேரங்காலம் இருக்குதுல்ல? கரண்டு வர்ற வரைக்கும் பொறுக்கக்கூடாதா? ஊருக்காக இன்னும் கொஞ்ச நாளு பகையா இருந்துட்டுப் போங்களேன்."

"பகை வந்தா இருக்க மாட்டமா தலைவரே" என்றார் சிங்காரவேல். "வரமாட்டேங்குதே."

பொய்யாகச் சண்டை போட்டுப் பார்த்தார்கள். அவர் கத்தினார், அவள் மண்ணை வாரித் தூற்றினாள், தனபாக்கியம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், போன்கள் ஏமாறவில்லை. சிங்காரவேலுக்குக் காரைக்காலில் ஒரு பெண் தொடர்பு இருக்கிறது என்று ஒரு வதந்தியைப் பஞ்சாயத்தார் தயாரித்து அனுப்பினார்கள். பவளக்கொடி கேட்டுவிட்டுச் சிரித்தாள். "காரைக்காலா? இந்த மனுசனுக்குப் பஸ்ஸுல ஏறுனா வாந்தி வரும். நடந்தா போயிட்டு வந்தாரு?" பிறகு ஊரிலுள்ள மற்றச் சண்டைக்காரர்களை எல்லாம் கொண்டுவந்து நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்தார்கள்: மாமியார் மருமகள், பங்காளிகள், ஒரே கட்சியின் இரண்டு வட்டச் செயலாளர்கள். கூச்சலுக்குக் குறைவில்லை. ஒரு கோடு கூட ஏறவில்லை. அன்று வரைக்கும் ஊரில் இருந்த ஒரு சண்டை ஓய்ந்து ஒன்பது சண்டை மிஞ்சியதுதான் லாபம்.

அப்புறம் ஊர் இவர்கள் இருவரிடமும் பேச்சை நிறுத்தியது. சாப்பாட்டுப் பந்தியில் அவர்கள் பக்கம் அப்பளம் வரவில்லை. தனபாக்கியம் வாசல் தெளிக்கும்போது, பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பாமலே, "சுயநலம் புடிச்ச ஜனங்க" என்று வாளியிடம் சொன்னாள்.

வினோதினி வந்தது அந்தச் சமயத்தில்தான். கல்யாணமாகி முதல் வருஷம் முடியாத பெண். புருஷன் கவியரசன் பஹ்ரைனில் படகில் இருந்தான். அந்தக் காலையில் நிவாரண லாஞ்சில் வந்தவர்கள் ஒரு சேதி கொண்டுவந்திருந்தார்கள்: அங்கே ஒரு சரக்குக் கப்பல் மோதித் தமிழ்நாட்டு ஆட்கள் இருந்த படகு ஒன்று மூழ்கிவிட்டதாம், யார் எவர் என்று தெரியவில்லையாம். ஊரில் அப்போது உயிரோடு ஒரு போனும் இல்லை. வினோதினி நேராக ஏலக்கூடத்துக்கு வந்தாள். தன்னுடைய போனைக் கவிழ்த்த மீன்பெட்டிமேல், ஒரு பக்கமாக ஒதுங்காமல் சரியாக நடுவில் வைத்தாள். மணலில் உட்கார்ந்தாள். சண்டை போடுங்கள் என்று அவள் கேட்கவில்லை.

"அவரு என் நம்பர் ஒண்ணுதான் அக்கா மனப்பாடமா வச்சிருக்காரு" என்றாள். "உசுரோட இருந்தா இதுக்குத்தான் அடிப்பாரு."

பவளக்கொடி நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். சிங்காரவேலும் வந்து உட்கார்ந்தார். அவர் தனக்குத் தெரிந்த பழசையெல்லாம் கிளறிப் பார்த்தார். நாத்தனார் கல்யாணம், மாமியார், வித்த வலை, வாங்காத புடவை. எல்லாம் ஏற்கெனவே பேசித் தீர்ந்தவை. போன் கறுப்பாகவே கிடந்தது. வினோதினி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடலுக்குப் போனவனுக்காகக் காத்திருக்கிற கண்ணைப் பவளக்கொடிக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கண்ணை ஒருகாலத்தில் அவளே வைத்திருந்தாள்.

இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. தூணிடமும் காக்காயிடமும் டம்ளரிடமும் அவள் சொல்லாத ஒன்று. அதை எடுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்தது. நேற்று ராத்திரிதான் அவர் சாமான்களை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாமா என்று கேட்டிருந்தார்.

"அஞ்சப்பன் போன அன்னைக்கு" என்றாள் பவளக்கொடி, அவர் முகத்தைப் பார்த்து. "அன்னைக்கு நீங்க போயிருக்கணும். அது ஒங்க மொறை. காய்ச்சலு காய்ச்சலுன்னு போத்திக்கிட்டுப் படுத்தீங்க. ஒங்க எடத்துல அவன் போனான். நீங்க போயிருந்தா என் தம்பி இருந்திருப்பான்."

வினோதினியின் போன் மட்டுமல்ல, பக்கத்தில் யாரோ மறந்துவிட்டுப்போன போன்களும், கூடத்துக்கு வெளியே நின்றவர்களின் இடுப்பிலிருந்த போன்களும், ஐஸ்கட்டி மாரியப்பன் டிரங்குப் பெட்டிக்குள் பூட்டிவைத்திருந்த போனும் ஒன்றாகக் கண்ணைத் திறந்து நிரம்பி வழிந்தன. சிங்காரவேல் எழுந்தார். அத்தனை நாளில் முதல்தடவையாக, முதலில் எழுந்தவர் அவர்தான். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் எஞ்சின் கொட்டகைக்கு நடந்தார்.

கொஞ்ச நேரத்தில் வினோதினியின் போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தாள். அந்தப்பக்கம் என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் கேட்கவில்லை, அவள் "ம்" என்றாள், மறுபடியும் "ம்" என்றாள், அப்புறம் "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். கூடம் முழுக்க ஒரே ஆரவாரம். மூழ்கின படகு அவனுடையதுதான். பக்கத்துப் படகுக்காரர்கள் எல்லோரையும் தூக்கிவிட்டார்கள். ஒருத்தரும் சாகவில்லை.

தனபாக்கியம் ஓடிவந்து பவளக்கொடியைக் கட்டிக்கொண்டாள். "என்னா அக்கா சொன்னீங்க, இந்தப் போடு போட்டுச்சு! நாளைக்கும் அதயே எடுத்துவிடுங்க, ஊரு பூரா ஒரே மூச்சில ஏறிடும்."

சொல்ல வேண்டியதில் பாதியைப் பவளக்கொடி சொல்லவில்லை. அந்த விடியற்காலையில், காய்ச்சலில் கிடந்த புருஷன் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுவிட்டு, வெளியில் படுத்திருந்த தம்பியிடம் போய், "மச்சானுக்கு முடியல, இன்னைக்கு நீ போய்ட்டு வாடா" என்று சொன்னவள் அவள்தான்.

அந்த வாரமே பாலத்துக்குப் பலகை போட்டார்கள், கம்பங்களை நிமிர்த்தினார்கள், கரண்டு வந்தது. சுவரிலிருந்து வந்த கரண்டுக்கு யாரிடமும் எதையும் கிளறவேண்டியிருக்கவில்லை. ஏலக்கூடத்தில் சுண்ணாம்புக் கோட்டின்மேல் மீன் கொட்டினார்கள். ஆனாலும் ஊர் நன்றி மறக்கவில்லை. பள்ளிக்கூடத்து மைதானத்தில் பந்தல் போட்டு, சீரியல் பல்பு தொங்கவிட்டு, ஒரு பாராட்டு விழா நடத்தியது. "ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டாய் விளங்கும் தம்பதியர்" என்று துணிப்பதாகையில் எழுதியிருந்தது. சிங்காரவேலும் பவளக்கொடியும், ஏலக்கூடத்துப் பேச்சுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசாமல், தனித்தனியாக வந்து மேடையேறினார்கள். தலைவர் இருவருக்கும் சேர்த்து ஒரே பொன்னாடையைப் போர்த்தினார். இல்லறம் என்றால் என்ன என்பதை இவர்களைப் பார்த்து இளைஞர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பேசினார். போட்டோக்காரன், "இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க, சிரிங்க" என்றான். நெருங்கி நின்றார்கள். கை உரசியது. கூட்டத்தில் எல்லோரும் வீட்டுச் சுவரில் நிறைத்துக்கொண்டுவந்த போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள்.

விழா முடிந்து வெயில் தாழ்ந்த நேரம், பவளக்கொடி எஞ்சின் கொட்டகைக்குப் போனாள். சிங்காரவேல் ஒரு எஞ்சினைப் பிரித்துப்போட்டு மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குச் சொன்னது" என்றாள்.

"அந்தப் பொண்ணு போனுக்காகச் சொன்ன. விடு."

"போனுக்காகச் சொன்னா ஏறாது. ஒங்களுக்கும் தெரியும்."

அவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"நெனச்சதத்தான் சொன்னேன்" என்றாள் பவளக்கொடி. "இத்தனை வருசமா நெனச்சதத்தான். ஆனா பாதிதான் சொன்னேன். நீங்க படுத்துத்தான் கெடந்தீங்க. அவன எழுப்பி அனுப்பினது நான். மிச்சப் பாதியச் சொல்ல வாய் வரல, அதுக்குத்தான் ஒங்க மேல போட்டேன். அத நீங்களும் ஒருநாளும் சொல்லிக் காட்டல."

கடலிலிருந்து காற்று வந்து கொட்டகைத் தகரத்தை ஆட்டியது.

"நீ எழுப்பல" என்றார். "நீ போறதுக்கு முன்னாடியே அவன் எந்திரிச்சாச்சு. நீ தண்ணி எடுக்கப் பின்பக்கம் போயிருந்த. உள்ள வந்து என் நெத்தியில கைய வச்சுப் பாத்தான். 'படுங்க மச்சான், நான் போறேன்'னான். எனக்குக் கண்ணத் தொறக்க முடியல, ஆனா காது கேட்டுச்சு. பெட்ரோல் கேனத் தூக்கி வாசல்ல வச்சிட்டுத்தான் மறுபடி போயிச் சும்மா சாஞ்சிருக்கான். நீ போடான்னு சொன்னப்ப, அவன் போய்ட்டுதான் இருந்தான்."

அது நடந்ததாகவும் இருக்கலாம். தனியாகப் படுத்துக்கிடந்த அத்தனை வருஷத்தில், அவளிடம் என்றைக்காவது கொடுப்பதற்கென்று அவர் உட்கார்ந்து செய்துவைத்ததாகவும் இருக்கலாம். பவளக்கொடியின் கையில் போன் இருந்தது. நிரம்பிய போன்தான். நடுவில் வைத்துப் பார்த்தால் ஒருவேளை ஏதாவது தெரிந்திருக்கும். அவள் அதை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு பழைய டயரை இழுத்துப்போட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு அவன் என்னா சட்டை போட்டிருந்தான்?" என்று கேட்டாள். "இருட்டுல எனக்குத் தெரியல. ஆருகிட்டயும் நான் கேட்டதில்ல."

"என் சட்டைதான். அந்த ஊதாக் கட்டம் போட்டத எடுத்துக்கறேன்னு கேட்டான். அதுல பொத்தான் ஒண்ணு இல்லடான்னேன்."

"அதுக்கு என்னா சொன்னான்?"

"காத்து வரட்டும் மச்சான்னான்."

பவளக்கொடி புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சிங்காரவேலுக்குத் தெரியவில்லை. அவர் மண்ணெண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு, அவன் அன்றைக்கு வேறென்ன சொன்னான் என்று யோசித்து, ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்.